வாலில் வைத்த காது: ஒரு ஸ்பானிஷ் கேள்வியும் அதன் ஏற்ற இறக்கமும்

மாட்ரிடில் ஒரு பழக்கடை. நீங்கள் இதுவரை போகாத கடை. உள்ளே போய், மாண்டரின் ஆரஞ்சு இருக்கிறதா என்று கேட்க வேண்டும். ஸ்பானிஷில் இரண்டே சொல் போதும்: “¿தியேனே மந்தரீனாஸ்?”

மாட்ரிட்காரர் வாயில் இது எப்படி வருகிறது என்று கவனியுங்கள். ‘ரீ’தான் அழுத்தம் விழும் அசை. அங்கே குரல் நன்றாகத் தாழும். ‘னாஸ்’ வரும்போது சட்டென்று மேலேறி அந்தரத்தில் நின்றுவிடும். இதையே கரிபியன் தீவான புவேர்த்தோ ரிக்கோவின் தலைநகர் சான் ஹுவானில் ஒருவர் கேட்டால் எல்லாம் தலைகீழ். ‘ரீ’ உச்சிக்குப் போகும், ‘னாஸ்’ சரிந்து தரைக்கு வந்துவிடும்.

இந்த மாண்டரின் வாக்கியம் நான் இட்டுக்கட்டியதல்ல. ஸ்பானிஷ் பேச்சின் ஏற்ற இறக்கத்தை ஆராய்கிறவர்கள் தாளை நீட்டி “வாசியுங்கள்” என்று சொல்வதில்லை. “தெரியாத கடைக்குள் நுழைகிறீர்கள், மாண்டரின் வேண்டும், கேளுங்கள்” என்று சூழலை மட்டும் சொல்லிவிட்டு, எதிரில் இருப்பவர் தன் வாயால் கேட்பதைப் பதிவு செய்கிறார்கள். சொல்லையும் யோசித்துத்தான் எடுத்திருக்கிறார்கள். மந்தரீனாஸ் என்பதில் கடைசி ‘ஸ்’ ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் தொண்டை அதிரும் ஒலிகள். குரலின் கோடு நடுவில் அறுந்துபோகாமல் கிடைக்கும்.

வகுப்பில் நடந்தது

நான் ஸ்பானிஷ் சொல்லித்தருகிறவன். இரண்டு நிலை முடித்து, நன்றாகப் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவிக்கு ஒருநாள் புவேர்த்தோ ரிக்கோ உரையாடல் ஒன்றைப் போட்டுக் காட்டினேன். கேட்டு எழுத வேண்டும், அவ்வளவுதான். சொற்களையெல்லாம் சரியாகப் பிடித்துவிட்டார். ஆனால் ஆம், இல்லை என்று பதில் வர வேண்டிய கேள்விகளையெல்லாம் முற்றுப்புள்ளி வைத்துச் செய்தியாக எழுதியிருந்தார். “இவர் ஏன் சார் இவ்வளவு தகவல் சொல்லிக்கொண்டே இருக்கிறார்?” என்று என்னையே கேட்டார்.

தவறு அவருடையதல்ல. “கேள்வி என்றால் கடைசியில் குரல் ஏறும்” என்று முதல் மாதத்தில் சொல்லிக்கொடுத்தது நான். எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

ஸ்பானிஷில் இந்த வகைக் கேள்விக்கு வேறு அடையாளமே கிடையாது. நமக்கு ‘ஆ’ இருக்கிறது. “மாண்டரின் இருக்கு”, “மாண்டரின் இருக்கா”: எந்த ராகத்தில் இழுத்தாலும், கிசுகிசுத்தாலும், கைப்பேசியில் தட்டச்சு செய்தாலும் அந்த ஓர் எழுத்து வேலையை முடித்துவிடும். ஆங்கிலத்தில் சொற்களை இடம் மாற்றிக் கேள்வியாக்குகிறார்கள். ஸ்பானிஷில் எழுவாயைச் சொல்லாமலே விட்டுவிடலாம் என்பதால், ‘தியேனே மந்தரீனாஸ்’ என்பதற்கு “அவரிடம் மாண்டரின் இருக்கிறது” என்றும் பொருள், “உங்களிடம் மாண்டரின் இருக்கிறதா” என்றும் பொருள். எது என்று சொல்ல வேண்டியது குரல் மட்டும்தான். எழுத்தில் அந்தக் குரலைக் காட்டத்தான் ஸ்பானிய அரச அகாதமி தன் 1754-ஆம் ஆண்டு எழுத்திலக்கணத்தில் வாக்கியத்தின் தொடக்கத்திலேயே தலைகீழ்க் கேள்விக்குறி போடச் சொன்னது. வாசிக்கிறவர் கடைசிவரை போய்த்தான் கேள்வி என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்றால், அதற்குள் பாதி வாக்கியத்தைத் தவறான ராகத்தில் வாசித்து முடித்திருப்பார் அல்லவா?

சரி, “கடைசியில் ஏறும்” என்ற விதி பாடப்புத்தகத்துக்குள் எப்படி வந்தது? அதைத் தேடிப் போனால் ஒரே மனிதரிடம் போய் நிற்கிறோம்.

மாட்ரிட், கரிப்புகைத் தாள்

தொமாஸ் நவார்ரோ தொமாஸ். பெயரில் அச்சுப் பிழை இல்லை. ஸ்பெயினில் தந்தை வழிப் பெயரும் தாய் வழிப் பெயரும் சேர்ந்து வரும். அவர் அம்மாவின் குடும்பப் பெயரும் தொமாஸ். 1884-ல் அல்பசேத்தே மாகாணத்தில் லா ரோதா என்ற ஊரில் பிறந்தவர். ஒலியியல்காரருக்கு நல்ல ஊர்ப்பெயர் வாய்த்திருக்கிறது. சொல்லின் தொடக்கத்தில் வரும் ‘ர’ ஸ்பானிஷில் எப்போதும் உருண்டு அதிரும், உயிர்களுக்கு நடுவில் வரும் ‘த’ (ஸ்பானிஷ் எழுத்தில் d) எப்போதும் இளகும். ஊர்ப் பெயரிலேயே இரண்டு பாடம்.

1910-ல் மாட்ரிடில் ‘வரலாற்று ஆய்வு மையம்’ தொடங்கியது. அதன் மொழிப் பிரிவை நடத்தியவர் ரமோன் மெனேந்தெஸ் பிதால். இளைஞரான நவார்ரோவை வெளிநாட்டுக்கு அனுப்பி, அப்போது புதிதாக இருந்த சோதனை ஒலியியலைப் பிரான்சிலும் ஜெர்மனியிலும் கற்றுவரச் செய்தார்கள். திரும்பி வந்தவர் ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தார்.

அந்தக் கூடத்தின் கருவிகளைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம், ஏனென்றால் இன்று கைப்பேசியில் இரண்டு நொடியில் கிடைக்கும் கோட்டுக்கு அன்று என்ன பாடு என்று தெரிய வேண்டும். ஓர் உருளை. அதன்மேல் வழவழப்பான தாள். தாளைச் சுடருக்கு மேல் காட்டிக் கரி படிய வைப்பார்கள். பேசுகிறவர் வாயில் ஒரு புனல். புனலிலிருந்து ரப்பர்க் குழாய். குழாயின் முனையில் மெல்லிய சவ்வு. சவ்வில் ஒட்டிய நுண்ணிய ஊசி. உருளை சுழலும்போது குரலின் அதிர்வு ஊசியை ஆட்டும், ஊசி கரியைச் சுரண்டி வெள்ளை அலைகளாகக் கோடு போடும். அப்புறம் தாளை உரித்து வார்னிஷில் தோய்த்துக் காயவைத்து, ஒவ்வோர் அலையின் நீளத்தையும் கையால் அளக்க வேண்டும். அலை குறுகினால் குரல் ஏறுகிறது, நீண்டால் இறங்குகிறது. ‘மந்தரீனாஸ்’ என்ற ஒரே சொல்லுக்குக் கிட்டத்தட்ட நூறு அலைகள் வரும்.

இன்னொரு கருவி செயற்கை அண்ணம். பேசுகிறவரின் மேலண்ணத்துக்கு அளவெடுத்துச் செய்த மெல்லிய தகடு. அதில் வெள்ளைப் பொடியைத் தூவி வாய்க்குள் பொருத்தி, ஓர் ஒலியைச் சொல்லச் சொல்லி வெளியே எடுத்தால், நாக்கு பட்ட இடத்தில் பொடி போயிருக்கும். “அணரி நுனிநா அண்ணம் ஒற்ற” என்றும் “நுனிநா அணரி அண்ணம் வருட” என்றும் தொல்காப்பியம் பிறப்பியலில் பிரித்துச் சொல்கிறதே, ஒற்றுவதற்கும் வருடுவதற்கும் உள்ள அந்த வேறுபாட்டைப் பொடியில் பார்க்கலாம்.

இப்படிச் சேர்த்ததெல்லாம் 1918-ல் ஸ்பானிஷ் உச்சரிப்புக் கையேடாக வந்தது. ஆய்வு நூல் என்றாலும் பிறந்த இடம் வகுப்பறைதான். மையம் வெளிநாட்டு மாணவர்களுக்குக் கோடைப் படிப்புகள் நடத்திவந்தது. ஒலி ஒலியாக, நாக்கு எங்கே, உதடு எப்படி என்று அத்தனை தெளிவாகச் சொன்ன புத்தகம் அதுவரை ஸ்பானிஷுக்கு இல்லை. அமெரிக்க மாணவர்களுக்காக ஔரேலியோ எஸ்பினோசாவுடன் சேர்ந்து 1926-ல் ஆங்கிலத்தில் ஒரு சிறு வடிவமும் வந்தது.

இங்கேதான் நம் வழக்கின் முதல் முடிச்சு விழுகிறது. எவருடைய ஸ்பானிஷைச் சொல்லிக்கொடுப்பது? நவார்ரோ ஒளிக்காமல் முன்னுரையிலேயே சொல்லிவிடுகிறார்: ஸ்பெயினின் நடுப்பகுதியான காஸ்தியாவில் படித்தவர்கள் பேசுவது, கொச்சையும் இல்லாமல் பகட்டும் இல்லாமல், குறிப்பாக மாட்ரிட் பல்கலைக்கழக வட்டாரத்தில் கேட்பது. இது ஓர் ஆசிரியரின் முடிவு. வகுப்புக்குள் இருபது நாட்டு உச்சரிப்பையும் கொண்டுபோய்க் கொட்ட முடியாது, ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளத்தான் வேண்டும். அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் ஆசிரியர் எடுத்த முடிவு நாளடைவில் “ஸ்பானிஷ் இப்படித்தான்” என்ற உண்மையாக உறைந்துபோனது. அதற்கு அவர் மட்டும் பொறுப்பல்ல.

பேசும் படம் வந்தபோது இந்தச் சிக்கல் தெருவுக்கே வந்தது. ஹாலிவுட் ஸ்பானிஷ் படங்களை எடுக்கத் தொடங்கி, ஒரே குடும்பத்தில் அப்பா மெக்சிகோ உச்சரிப்பிலும் மகள் தென் ஸ்பெயினின் ஆண்டலூசிய உச்சரிப்பிலும் பேச, அரங்கில் சிரிப்பு. யார் உச்சரிப்பு சரி என்று பத்திரிகைகளில் சண்டை. நவார்ரோ 1930-ல் இதற்கென்றே ஒரு சிறு நூல் எழுதி, நாடக மேடையில் பழகிய படித்தோர் உச்சரிப்பைப் பொதுவாக வைத்துக்கொள்ளலாம் என்ற பக்கம் நின்றார். நம்மூர்ச் சினிமாவில் ‘எந்த ஊர்த் தமிழ்’ என்று நடந்த பேச்சுகளை நினைத்துக்கொண்டால் அந்தச் சூடு புரியும்.

தீவும் நிலப்படமும்

ஆனால் இதே மனிதர் வகுப்பறைக்கு வெளியே வேறு ஆளாக இருந்தார். 1927-28-ல் புவேர்த்தோ ரிக்கோ பல்கலைக்கழகத்துக்குப் போனவர், கிடைத்த நேரத்தில் தீவின் ஊர்களில் உட்கார்ந்து மக்கள் பேசுவதைக் குறித்துக்கொண்டார். அந்தக் குறிப்புகள் புத்தகமானது 1948-ல்தான். அங்கே பலருக்கு ‘ர்ர’ நாக்கு நுனியில் உருளாமல் தொண்டைப் பக்கம் போய் உரசுவதை அவர் ஊர்வாரியாகப் பதிவு செய்தார். ரமோன் என்ற ஆள் பெயரும் ஹமோன் என்ற பன்றித் தொடைக்கறியும் காதில் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடும் அளவுக்கு உரசல். தீவுக்காரர்களை இன்றுவரை கேலி செய்ய வெளியூர்க்காரர்கள் எடுக்கும் முதல் ஆயுதம் இது.

மாட்ரிடுக்குத் திரும்பி ஐபீரியத் தீபகற்பத்தின் மொழி நிலப்படத்துக்குத் தலைமை ஏற்றார். 1931-லிருந்து ஆய்வாளர்கள் இரண்டிரண்டு பேராகக் கிராமம் கிராமமாகப் போய், ஒவ்வொரு சொல்லையும் ஊர்க்காரர் சொன்னபடியே ஒலிக்குறிகளில் எழுதினார்கள். 1936-ல் உள்நாட்டுப் போர். அந்தக் குழுவின் அனீபல் ஒத்தேரோ அப்போது போர்ச்சுகலில் களப்பணியில் இருந்தார். பிடிபட்டபோது அவர் பையில் இருந்த குறிப்பேடுகளைப் பார்த்தவர்களுக்கு அது உளவாளியின் ரகசியக் குறியீடாகத் தெரிந்தது. விசித்திர எழுத்துகள், புள்ளிகள், வளைவுகள்... ஒலியியல் குறிப்புக்காக ஒருவர் ஆண்டுக்கணக்கில் சிறையில் கிடந்தார். ஒலிக்குறிகள் கடினமாக இருக்கின்றன என்று சலித்துக்கொள்ளும் மாணவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்வேன்.

போர்க்காலத்தில் நவார்ரோ தேசிய நூலகத்தின் இயக்குநர். 1939 ஜனவரிக் கடைசியில், கவிஞர் அந்தோனியோ மச்சாதோ இருந்த அதே கூட்டத்தோடு பிரெஞ்சு எல்லையைத் தாண்டினார். மச்சாதோ சில வாரங்களில் கொலியூரில் இறந்துபோனார். நவார்ரோ நியூயார்க் போய்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். நிலப்படக் குறிப்பேடுகளும் அவரோடு கடல் தாண்டின. 1951-ல்தான் அவை ஸ்பெயினுக்குத் திரும்பின, முதல் தொகுதி 1962-ல் வந்தது. அவர் திரும்பவில்லை. 1979-ல் மாசசூசெட்ஸில் இறந்தார்.

1944

1918-ஆம் ஆண்டுக் கையேட்டிலும் ஏற்ற இறக்கத்துக்கு இடம் இருந்தது, ஆனால் உயிரும் மெய்யும் முடிந்தபிறகு, புத்தகத்தின் பின்பகுதியில். அது இன்றும் அப்படியே. பாடப்புத்தகங்களைப் புரட்டிப் பாருங்கள், குரலின் போக்கு எப்போதும் கடைசி அத்தியாயம், வகுப்பு அங்கே போய்ச் சேர்வதற்குள் ஆண்டு முடிந்திருக்கும். தனிப் புத்தகமாக ‘ஸ்பானிஷ் ஏற்ற இறக்கக் கையேடு’ வந்தது 1944-ல், நியூயார்க்கில், நாடு இழந்தவரின் கையிலிருந்து.

அதில் இரண்டு விஷயம் எனக்கு மிகவும் பிடிக்கும். முதலாவது, பேச்சை அவர் ராகத் துண்டுகளாகப் பிரித்தது. ஸ்பானிஷில் ஒரு துண்டு பெரும்பாலும் ஐந்திலிருந்து பத்து அசை வரை போகும், ஏழும் எட்டும்தான் அதிகம் என்று எண்ணிக் காட்டினார். ஸ்பானிய நாட்டுப்புறக் கதைப்பாடல்களின் அடி எட்டு அசை என்பதை இதோடு சேர்த்துப் பார்த்தால், பாட்டு எங்கிருந்து வந்தது என்று தெரிகிறது. இரண்டாவது, ஒவ்வொரு துண்டின் வாலுக்கும் பெயர் வைத்தது. முழு இறக்கம், அரை இறக்கம், முழு ஏற்றம், அரை ஏற்றம், ஏறாமலும் இறங்காமலும் தொங்கி நிற்பது. ஐந்து பெயர். ஆசிரியர் கரும்பலகையில் ஐந்து அம்புக்குறி போட்டால் வேலை முடிந்தது. சொல்லிக்கொடுக்க இதைவிட வசதியானது வேறெதுவும் பிறகு வரவில்லை என்றுகூடச் சொல்வேன்.

கேள்விகளையும் அவர் ஒரே கூடையில் போடவில்லை. தெரியாமல் கேட்பது, தெரிந்ததை உறுதிப்படுத்தக் கேட்பது, சொன்னதையே திரும்பக் கேட்பது, எங்கே, எப்போது என்று கேட்பது எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கோடு. ‘எங்கே’ வகை பொதுவாக இறங்கித்தான் முடியும் என்பதையும் அவரே சொல்லியிருக்கிறார். கேள்வி தொடக்கத்திலேயே செய்தியைவிட உயரமாகக் கிளம்புகிறது என்பதையும் கவனித்திருந்தார். பாடப்புத்தகங்கள் இதையெல்லாம் வடிகட்டி ஒற்றை வரியாக்கிவிட்டன.

வாலுக்குப் பெயர் வைத்ததில் ஒரு பக்க விளைவு உண்டு. எல்லோர் காதும் வாலிலேயே போய் உட்கார்ந்துகொண்டது.

அதே வாக்கியம், மற்ற ஊர்கள்

1999-ல் ஹுவான் மானுவேல் சோசா ஸ்பானிஷின் ஏற்ற இறக்கம் பற்றிய தன் நூலில் அமெரிக்கக் கண்ட நகரங்களையும் ஸ்பெயினையும் ஒரே முறையில் அளந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஆம், இல்லை கேள்வி மெக்சிகோ நகரம், போகோட்டா, லிமாவில் ஏறி முடிந்தது. ஹவானா, சான் ஹுவான், கராகஸில் இறங்கி முடிந்தது. கேனரித் தீவுகளிலும் இறக்கம்தான். கரிபியனுக்குக் கேனரித் தீவுக்காரர்கள் பெருமளவில் குடியேறியதை இதற்குக் காரணமாகச் சொல்பவர்கள் உண்டு.

2010-ல் பிலார் பிரியெத்தோவும் பாவ்லோ ரொசேயானோவும் தொகுத்த நூல் பத்து வட்டார ஸ்பானிஷை ஒரே குறியீட்டில் எழுதிக் காட்டியது. மாட்ரிட் பகுதியை எவா எஸ்தேபாஸும் பிரியெத்தோவும், புவேர்த்தோ ரிக்கோவை மேகன் ஆம்ஸ்ட்ராங்கும் எழுதினார்கள். அந்த இரண்டு அத்தியாயங்களையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்தபோதுதான் என் மாணவி எங்கே தவறினார் என்று எனக்கே புரிந்தது.

மாட்ரிடில் “மாண்டரின் இருக்கிறது” என்ற செய்தியிலும் ‘ரீ’ தாழ்வு, “இருக்கிறதா” என்ற கேள்வியிலும் ‘ரீ’ தாழ்வு. வேறுபாடு ‘னாஸ்’ ஏறுகிறதா இல்லையா என்பதில். சான் ஹுவானில் செய்தியிலும் ‘னாஸ்’ தாழ்வு, கேள்வியிலும் ‘னாஸ்’ தாழ்வு. வேறுபாடு ‘ரீ’யில். செய்தியில் அது கீழே கிடக்கும், கேள்வியில் முன்னால் வந்த உச்சத்தையும் தாண்டி ஒரு படி மேலே ஏறி நிற்கும். மாட்ரிட்காரர் வாலில் சொல்வதைச் சான் ஹுவான்காரர் அதற்கு முந்தைய அசையிலேயே சொல்லி முடித்துவிடுகிறார். வாலில் காது வைத்துக் காத்திருக்கிறவருக்கு வாலில் எதுவும் வராது.

“கரிபியனில் கேள்வி இறங்கும்” என்று விதியைத் திருப்பிப் போட்டுச் சொல்லிக்கொடுத்தாலும் பயனில்லை. செய்தியும் இறங்கத்தானே செய்கிறது? காதை எந்த அசையில் வைப்பது என்பதைத்தான் சொல்லித்தர வேண்டும்.

அர்ஜென்டினாவின் தலைநகர் போனஸ் அயர்ஸ் வேறொரு கதை. அங்கே பேச்சு இத்தாலிய வாடை அடிக்கிறது என்று எல்லோரும் வாய்வழியாகச் சொல்லிவந்ததை லாரா கொலந்தோனியும் ஹோர்கே குர்லேகியானும் 2004-ல் அளந்து காட்டினார்கள். பெரும்பாலான ஸ்பானிஷில் வாக்கியத்தின் முன்பகுதியில் குரலின் உச்சம் அழுத்தமான அசையில் விழாமல் அடுத்த அசைக்கு வழிந்துவிடும். போனஸ் அயர்ஸில் உச்சம் அந்த அசைக்குள்ளேயே, இத்தாலியத்தில்போல. இத்தாலியிலிருந்து வந்து குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் இத்தாலியத்தை மறந்தார்கள், ராகத்தை மறக்கவில்லை.

தமிழ்க் காது

ஆங்கிலேயருக்கும் அமெரிக்கருக்கும் எழுதிய பாடங்களை நம் மாணவர்களுக்கு அப்படியே நடத்துவது வீண். நவார்ரோ பக்கம் பக்கமாக விளக்கும் ஒன்று நமக்கு இலவசமாகக் கிடைக்கிறது. ஸ்பானிஷில் மெல்லினத்துக்குப் பின்னால் இந்த ‘த’ (d) வல்லெனத் தட்டும், உயிர்களுக்கு நடுவில் இளகும். பந்து, அது: முடிந்தது பாடம். தம்பி, தபால். பங்கு, மகன். ‘மந்தரீனாஸ்’ என்று தமிழில் எழுதினால் அந்த ‘ந்த’ கிட்டத்தட்ட மாட்ரிட் ‘ந்த’வேதான். நாக்கு பல்லில் படும் ‘த’ ஆங்கிலத்தில் இல்லை, நமக்கு உண்டு. ‘ப’வையும் ‘க’வையும் காற்று ஊதிச் சொல்லும் பழக்கமும் நமக்கு இல்லை.

ஆனால் அதே பழக்கம் ஓரிடத்தில் காலை வாரிவிடும். ‘நாதா’ என்ற ஸ்பானிஷ் சொல்லுக்கு ‘ஒன்றுமில்லை’ என்று பொருள். பாலாடைக்கு உரிய சொல்லில் நடுவில் இருப்பது இளகாத, ஆனால் இரட்டிக்காத ‘த’. அதை எழுதத் தமிழில் வழியே இல்லை. ஒற்று போட்டு ‘நாத்தா’ என்றால் இரட்டித்துவிடும், போடாவிட்டால் இளகிவிடும். நம்மவர்கள் இரட்டிக்கிற பக்கமே சாய்வார்கள், ஸ்பானியக் காதுக்கு அது இத்தாலியன் பேசுவதுபோல இருக்கும். ‘பத்து’ சொல்லும்போது நாக்கு பல்லில் ஒட்டி நிற்கும் நேரத்தைப் பாதியாக்கச் சொல்லிப் பழக்குகிறேன். கைத்தட்டோடு செய்தால் பிடிபடும்.

காரோ என்றால் விலை அதிகம், காறோ என்றால் வண்டி. ர, ற என்று இரண்டு எழுத்து வைத்திருக்கிற நாம் இதில் கெட்டிக்காரர்களாக இருக்க வேண்டும். பேச்சில் நம்மில் பலருக்கு இரண்டும் ஒன்றாகிவிட்டதால் அந்த முன்னிலையும் பாதி போய்விட்டது. நாஞ்சில் நாட்டு மாணவர் எவராவது வந்தால் எனக்கு அன்று வேலை குறைவு. மற்றவர்களுக்கு, சின்னப் பிள்ளைகள் பஸ் ஓட்டி விளையாடும் ‘டுர்ர்ர்’தான் தொடக்கம். வெட்கப்படாதவர்களுக்குச் சீக்கிரம் வரும்.

இதெல்லாம் மெய்யெழுத்துக் கணக்கு. ராகத்தில்தான் நம் உண்மையான இடறல். ‘ஆ’ இருக்கிற மொழிக்காரர்களான நாம், கேள்வியைக் குரலில் தேடிப் பழகியதே இல்லை.

பாடத்தை மாற்றியபோது

முதலில் சொற்களை எடுத்துவிட்டேன். வாயை மூடிக்கொண்டு மூக்கால் முனகுவது மட்டும். “ம்ம், ம் ம் ம்ம்ம் ம்?” நான் மாட்ரிட் கேள்வியை முனகினால் அவர்கள் திரும்ப முனக வேண்டும். ஒலிகளுக்கு முன்னால் தாளமும் ராகமும் என்ற இந்த வரிசை புதிதல்ல. ஸாக்ரெபில் பேத்தார் குபெரினா வளர்த்த சொற்செவி முறை இதையேதான் சொல்கிறது. பேச்சை வடிகட்டி, சொல் புரியாமல் ராகம் மட்டும் மிஞ்சும்படி கேட்கவைப்பார்கள். என்னிடம் வடிகட்டும் கருவி கிடையாது. பக்கத்து அறையில் ஒலிபெருக்கியை வைத்துக் கதவைச் சாத்தினால் போதும், சுவரே பாதி வேலை செய்யும்.

அப்புறம் கோட்டைப் பார்ப்பது. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் பவுல் பூர்ஸ்மாவும் டேவிட் வீனிங்கும் எழுதிய ப்ராட் மென்பொருள் இலவசம். நவார்ரோ ஒரு நாள் முழுக்க அளந்ததை அது கண் சிமிட்டும் நேரத்தில் வரையும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. ஆண் குரலுக்கு வைத்த வரம்பில் பெண் குரலைப் போட்டால் கோடு பாதி உயரத்துக்குக் குதித்து விழும். வாக்கியக் கடைசியில் தொண்டை கரகரத்தால் திடீரென்று மேலே ஒரு புள்ளி தெறிக்கும். ஒரு மாணவர் அந்தப் புள்ளியைக் காட்டி “ஏறிடுச்சு சார்” என்று மகிழ்ந்துபோனார். காது என்ன சொன்னது என்று கேட்டேன். இறங்கியது என்றார். அப்படியென்றால் இறங்கியதுதான்.

யாரைப்போலப் பேசவைப்பது என்ற பழைய முடிச்சை நான் அவிழ்க்கவில்லை, சுற்றிக்கொண்டு போகிறேன். பேசுவதற்கு ஒரே உச்சரிப்பு, மாணவர் விரும்பியது எதுவோ அது. கேட்பதற்கு எல்லாம். முர்ரே மன்ரோவும் டிரேசி டெர்விங்கும் 1995-ல் காட்டியதுபோல, வெளிநாட்டு வாடை பலமாக அடிக்கும் பேச்சும் முழுசாகப் புரியக்கூடியதே. 2018-ல் ஐரோப்பிய அவை தன் மொழித்திறன் அளவுகோலைத் திருத்தியபோது, உச்சரிப்புப் பகுதியில் தாய்மொழிக்காரரைப்போலப் பேசுவதே இலக்கு என்ற நினைப்பைக் கைவிட்டு, ராகத்துக்குத் தனி வரிசை கொடுத்தது. தாமதம்தான், இருந்தாலும் நல்லது.

தேர்வையும் மாற்றினேன். “இது கேள்வியா, செய்தியா” என்று டிக் அடிப்பது இல்லை. மாணவர்தான் கடைக்காரர். ஒலிப்பதிவு ஓடும். மாட்ரிட், சான் ஹுவான், மெக்சிகோ என்று கலந்து வரும், நடுநடுவே வெறும் செய்தியும் வரும். கேள்வி என்றால் பதில் சொல்ல வேண்டும், செய்தி என்றால் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும்.

அதே மாணவி. மூன்றாவதாகச் சான் ஹுவான் குரல் வந்தது. ‘ரீ’ ஏறியது, ‘னாஸ்’ விழுவதற்கு முன்பே அவர் வாயைத் திறந்துவிட்டார்: “ஸீ, தெங்கோ.” இருக்கிறது. கிலோ இரண்டு யூரோ என்று விலையையும் சேர்த்துச் சொன்னார். புவேர்த்தோ ரிக்கோவில் ஓடுவது டாலர் என்பதை நான் அன்றைக்குச் சொல்லவில்லை.